சளியைத் துப்பத் தெரியாத வயதில் காசநோய்

காசநோய் என்று சந்தேகம் வந்தால் பெரியவர்களிடம் முதலில் சளி கேட்பார்கள். இரண்டு வயதுக் குழந்தையிடம் எப்படிக் கேட்பது? இருமும்போது மேலே வரும் சளியை அது விழுங்கிவிடும். போதாததற்கு, குழந்தைகளின் உடலில் கிருமிகளும் குறைவு. நோய் பெரும்பாலும் நெஞ்சுக்குள் உள்ள நெறிக்கட்டிகளில் இருக்கும். சளி கிடைத்தாலும் நுண்ணோக்கியில் ஒன்றும் தெரியாமல் போவதே அதிகம்.

விழுங்கிய சளியைப் பிடிக்க, விடிகாலையில் வெறும் வயிற்றில் மூக்கு வழியே குழாய் விட்டு இரைப்பை நீரை எடுப்பது பழைய முறை. குழந்தை துடித்துப்போகும். பயிற்சி பெற்ற ஆளும் வேண்டும். சிறிய சுகாதார நிலையங்களில் இது எளிதல்ல.

ஆனால் விழுங்கிய கிருமியின் மரபணு மலத்திலும் வந்து சேர்கிறது. சிறிதளவு மலத்தை வினைப்பொருள் புட்டியில் போட்டுக் குலுக்கி, கசடு அடங்கியதும் மேலே தெளிந்த நீரை எடுத்து எக்ஸ்பர்ட் கருவியின் கார்ட்ரிட்ஜில் விட்டால் போதும். கருவி அந்த மரபணுவைப் பல மடங்கு பெருக்கிக் காட்டும். முக்கியமான காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கிருமி அடங்குமா என்பதையும் பெரும்பாலும் சொல்லிவிடும். குழாய் விடாமல் கிடைக்கும் இந்த மாதிரியை உலக சுகாதார நிறுவனத்தின் 2022 வழிகாட்டுதலும் ஏற்கிறது.

கிருமி தெரிந்தால் உறுதி. தெரியாவிட்டால் நோய் இல்லை என்று அர்த்தமல்ல. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். காசநோயால் இறக்கும் குழந்தைகளில் 96 சதவீதத்தினர் சிகிச்சையே பெறாதவர்கள் என்று ஒரு மதிப்பீடு சொல்கிறது. அதனால்தான் அதே வழிகாட்டுதல் ஒரு மதிப்பெண் முறையையும் தருகிறது. இரண்டு வாரம் தாண்டிய இருமல், விடாத காய்ச்சல், எடை குறைவது, சோர்வு, எக்ஸ்ரே இருந்தால் அதில் தெரிவது ஆகியவற்றுக்குத் தனித்தனி மதிப்பெண். கூட்டுத்தொகை 10-ஐத் தாண்டினால் சிகிச்சை தொடங்கலாம். எக்ஸ்ரே இல்லாத இடத்துக்கும் தனி அட்டவணை உண்டு. வீட்டில் யாருக்காவது காசநோய் இருக்கிறதா என்ற கேள்விக்குச் செலவே இல்லை. அதைக் கேட்காமல் விடுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மருந்தும் இப்போது எளிது. பெரியவர்களின் மாத்திரையை உடைத்துக் கொடுத்த காலம் போய், நீரில் கரையும் பழச்சுவைக் கூட்டு மாத்திரை 2015 இறுதியில் அறிமுகமானது. எடை 4 முதல் 7 கிலோ என்றால் தினமும் ஒன்று, 8 முதல் 11 கிலோ என்றால் இரண்டு. உகாண்டா, ஜாம்பியா, தென்னாப்பிரிக்கா, இந்தியா ஆகிய நாடுகளில் 1204 குழந்தைகளிடம் நடந்த ஷைன் ஆய்வில் சென்னையும் பங்கேற்றது. தீவிரமில்லாத காசநோய்க்கு ஆறு மாதச் சிகிச்சை தந்த பலனை நான்கு மாதச் சிகிச்சையே தந்தது. மூளைக்காய்ச்சலாகப் பரவிய நோய்க்கு இந்தக் குறுகிய கணக்கு பொருந்தாது.

தேறும் குழந்தைக்கு எடை கூடும். ஒவ்வொரு முறையும் எடை பார்த்து, அதற்கேற்ப மாத்திரையையும் கூட்ட வேண்டும்.