ஒரு தைவதத்துக்கு ஏன் உடம்பு சிலிர்க்கிறது?

1990 உலகக் கோப்பைக் கால்பந்தின்போது பிபிசி தன் ஒளிபரப்புக்கு, இத்தாலியப் பாடகர் லூச்சியானோ பவரொட்டி பாடிய 'நெஸ்ஸுன் டோர்மா'வை முகப்பு இசையாக வைத்தது. புச்சினி இசையமைத்த 'துரந்தோத்' என்ற ஓபராவில், அதாவது மேலைநாட்டு இசை நாடகத்தில், வரும் பாட்டு அது. ஓபரா பக்கமே தலைவைத்துப் படுக்காதவர்களுக்கும் அந்தப் பாட்டின் கடைசிச் சொல்லான 'வின்ச்செரோ' பிடித்துப்போனது. 'வெல்வேன்' என்று அர்த்தம். அர்த்தம் தெரியாமல் கேட்டாலும் கை மயிர் எழுந்து நிற்கும்.

முதலில் சத்தக் கணக்கு. ஓபரா அரங்கில் வழக்கமாக மைக் கிடையாது, முன்னால் குழியில் பெரிய வாத்தியக் கூட்டம். கடைசி 'வின்ச்செரோ'வில் பாடகர் பிடிக்கும் உச்ச சுரம் சுமார் 494 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 494 அதிர்வுகள். வாத்தியக் கூட்டத்தின் சத்தம் சராசரியாக மிகப் பலமாக இருப்பதும் 500 ஹெர்ட்ஸை ஒட்டித்தான். நியாயமாகக் குரல் முங்கிப்போக வேண்டும். தப்பிப்பது எப்படி என்றால், தேர்ந்த பாடகர் குரல்வளையைக் கீழே இறக்கி, குரல்நாண்களுக்குச் சற்று மேலே உள்ள சின்னக் குழாயை ஒடுக்கிவைத்துக்கொள்கிறார். அது தனியாக அதிர்ந்து, 3000 ஹெர்ட்ஸ் பக்கம் குரலுக்கு ஒரு கூடுதல் முகட்டைத் தருகிறது. ஸ்வீடன் விஞ்ஞானி யோகான் சுண்ட்பெரி இதை விரிவாக ஆராய்ந்தவர். அந்த உயரத்தில் வாத்தியங்கள் பலவீனம், நம் காதோ படு கூர்மை. குரலில் அடிச்சுரத்தோடு அதன் இரண்டு, மூன்று மடங்கு என்று மேற்சுரங்களும் சேர்ந்து ஒலிக்கும். 494-ஐ ஆறால் பெருக்கிப் பாருங்கள்: 2964. அடிச்சுரம் வாத்தியங்களுக்குள் புதைந்தாலும் அதன் ஆறு மடங்கு மேற்சுரம் மேலே மிதந்து வந்துவிடும்.

சரி, கேட்டுவிட்டது. சிலிர்ப்பு? பாட்டு முடியும் இடத்தில் ஆதார ஸ்ருதியை ச என்று வைத்தால், அந்த உச்சம் தைவதம் (த), அடுத்து இறங்கி உட்காருவது பஞ்சமம் (ப). வேடிக்கை என்னவென்றால், புச்சினி எழுதிய தாளில் அந்தத் தைவதம் கண் சிமிட்டும் நேரம்தான், நீளமானது பஞ்சமம். பாடகர்கள்தான் தைவதத்தைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறார்கள். எனக்கு இது மீறலாகத் தெரியவில்லை, பாட்டின் உயிரே அங்கேதான். இங்கே பாட்டு முடியாது, இறங்கியாக வேண்டும் என்று காதுக்குத் தெரியும். ஆனால் இறங்கவில்லை, இன்னும் இல்லை...

1991-ல் இசை உளவியலாளர் ஜான் ஸ்லோபோடா, இசை கேட்டு எந்த இடத்தில் கண் கலங்கியது என்று ரசிகர்களிடம் விசாரித்தார். பக்கத்துச் சுரத்தில் சாய்ந்து நின்று பிறகு உரிய சுரத்துக்கு இறங்கும் இடங்கள் அதில் நிறைய வந்தன. இழுத்துப் பிடித்த தைவதம் கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்கிறது. 2011-ல் மொன்றியல் ஆய்வாளர்கள் மூளையைப் படமெடுத்தபோது, இன்ப உணர்வோடு தொடர்புள்ள டோபமின் என்ற ரசாயனம் சிலிர்க்கும் நொடியில் மட்டுமல்ல, அதை எதிர்பார்க்கும் நொடிகளிலும் சுரந்தது, அதுவும் மூளையின் வேறொரு பகுதியில். ஆக, காத்திருப்பதே பாதிச் சுகம்.

கதை தெரிந்தால் இன்னொன்றும் காதில் விழும். இளவரசன் வெற்றி மயக்கத்தில் பாட, மேடைக்கு வெளியே பெண்கள் மெல்லிய குரலில் அதே மெட்டில் பாடுகிறார்கள்: அவன் பெயர் யாருக்கும் தெரியாது, ஐயோ, நாங்கள் சாக வேண்டியதுதான். விடிவதற்குள் பெயரைக் கண்டுபிடிக்காவிட்டால் ஊருக்கே மரணம் என்பது இளவரசியின் கட்டளை.

அப்புறம், 'துரந்தோத்' ஓபராவில் அந்தப் பஞ்சமத்தோடு இசை நிற்பதில்லை, நேராக அடுத்த காட்சிக்குள் ஓடிவிடும். கச்சேரியில் நாம் கைதட்டும் முடிவு பிறகு ஒட்டவைத்தது.