டிவவரும் திமிங்கிலமும்

ஆங்கிலத்தில் 'டிவவர்' என்றொரு வினைச்சொல் உண்டு. பேராசையோடு, அவசர அவசரமாகத் தின்பது என்று பொருள். இரண்டு இட்லி சாப்பிட்டுக் கை கழுவுவதற்கு அதைச் சொல்ல மாட்டார்கள்; சிங்கம் மானைத் தின்பதற்கும், பட்டினி கிடந்தவன் ஒரே மூச்சில் தட்டைக் காலி செய்வதற்கும், காட்டுத்தீ ஊரை விழுங்குவதற்கும், ராத்திரியோடு ராத்திரியாக ஒரு நாவலைப் படித்து முடிப்பதற்கும் அந்தச் சொல்தான். நம்முடைய 'மொக்குறான்' பாதியும் 'கபளீகரம் செய்தான்' பாதியும் சேர்ந்தால் கிட்டத்தட்ட அந்தப் பொருள் வந்துவிடும்.

ஆனால் அது ஆங்கிலத்தில் பிறந்த சொல் இல்லை. 1066-இல் பிரெஞ்சு பேசிய நார்மன்காரர்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சுச் சொற்கள் கூட்டம் கூட்டமாக உள்ளே வந்தன, அதில் ஒன்று. பழைய ஆங்கிலத்தில் அந்த இடத்தில் 'ஃப்ரெட்டன்' என்ற சொல் இருந்தது, தின்று தீர்ப்பது என்று பொருள். புதுச் சொல் வந்ததும் பழையது சாப்பாட்டை விட்டு விலகி மனசுக்குள் போய்விட்டது. இன்றைய 'ஃப்ரெட்' என்றால் கவலைப்படுவது. கவலை ஆளைத் தின்னும் என்று நாமும் சொல்கிறோம் இல்லையா! ஜெர்மன் மொழியில் அதன் உறவுச் சொல் இன்னும் தின்றுகொண்டுதான் இருக்கிறது: மனிதர் சாப்பிட்டால் 'எஸ்ஸன்', விலங்கு தின்றால் 'ஃப்ரெஸ்ஸன்'.

சரி, பிரெஞ்சுக்கு எங்கிருந்து வந்தது? லத்தீனின் 'டேவொராரே'யிலிருந்து. 'டே' என்றால் கீழே, 'வொராரே' என்றால் விழுங்கு. தொண்டைக்குக் கீழே தள்ளிவிடுவது, அவ்வளவுதான். உயிரியல் பாடத்தில் ஊனுண்ணிக்குக் 'கார்னிவோர்' என்று படித்தோமே, அந்த 'வோர்' இதே விழுங்கல்தான்.

இதற்கும் பின்னால் போனால்தான் எனக்கு மிகவும் பிடித்த இடம் வருகிறது. லத்தீன், கிரேக்கம், சமஸ்கிருதம் மூன்றும் ஒரே தாய்மொழியிலிருந்து கிளைத்திருக்க வேண்டும் என்று வில்லியம் ஜோன்ஸ் என்ற நீதிபதி 1786-இல் கல்கத்தாவில் பேசினார். அந்தத் தாய்மொழி எழுத்தில் எங்கும் இல்லை, ஆனால் பிள்ளைகளை ஒப்பிட்டு அதை மீட்டெடுக்க முடிகிறது. அதில் விழுங்குவதற்கான வேர்ச்சொல் ஒரு விசித்திரமான ஒலியில் தொடங்கியது. 'கங்கை'யின் முதல் எழுத்தை உச்சரித்துக்கொண்டே, அதே நொடியில் 'வ' சொல்வதற்குப் போல உதட்டைக் குவித்துப் பாருங்கள், அதுதான் அந்த ஒலி. நாக்கின் பின்பக்கம், உதடு என்று இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் வேலை. இப்படி இரட்டை வேலை வாங்கும் ஒலி நீண்ட காலம் நிலைப்பது கடினம், ஏதோ ஒன்று கைவிடப்படும். லத்தீன் நாக்கைத் தளர்த்தி உதட்டை வைத்துக்கொண்டது, 'வ' ஆனது. கிரேக்கம் உதட்டை முழுசாக மூடியது, 'பலூன்' ப ஆனது; விலங்கின் இரைக்கு அங்கே 'போரா' என்று பெயர். சமஸ்கிருதம் உதட்டை விட்டுவிட்டு நாக்கைப் பிடித்துக்கொண்டது, 'கிரதி' என்றும் 'கிலதி' என்றும் வந்தது, இரண்டுக்கும் விழுங்குகிறது என்றே பொருள்.

இது தற்செயல் இல்லை என்பதற்குச் சான்று நம் வாயிலேயே இருக்கிறது. வைட்டமின், பயாலஜி, ஜீவன். மூன்றிலும் உயிர் என்ற ஒரே பழைய வேர், அதே தொடக்க ஒலி. லத்தீன் வழி வ, கிரேக்க வழி ப, சமஸ்கிருத வழி 'ஜ'. அந்த ஜ-வும் முதலில் க-தான், இகரத்துக்கு முன்னால் வந்ததால் மாறியது. 'கிரதி'யிலும் இகரம் இருக்கிறதே என்றால், அது பிற்பாடு முளைத்த இகரம், அதனால் அங்கே க தப்பித்துக்கொண்டது.

இங்கே ஒரு எச்சரிக்கை சொல்லியே ஆக வேண்டும். 'வொராரே'வும் 'விழுங்கு'ம் வ-வில் தொடங்குகின்றன, அதனால் லத்தீன் தமிழிலிருந்து வந்தது என்று யாராவது கிளம்பினால் நம்பாதீர்கள். 'விழுங்கு' திராவிடச் சொல், அந்தக் குடும்பமே வேறு. இரண்டு சொற்கள் காதுக்கு ஒன்றுபோலக் கேட்பது உறவு ஆகாது. ஒலி மாறிய விதி, சொல்லுக்குச் சொல் தவறாமல் பொருந்த வேண்டும்.

அப்படிப் பொருந்தும் ஒன்று தமிழில் கடன்சொல்லாக வந்து உட்கார்ந்திருக்கிறது. சமஸ்கிருதத்தில் 'திமி' என்றால் கடலில் வாழும் பிரம்மாண்டமான மீன். அந்தத் திமியையே விழுங்கக்கூடியது, அதாவது திமியை 'கில' செய்வது, திமிங்கிலம்! 'டிவவ'ரில் இருக்கும் 'வவ'ரும் திமிங்கிலத்தில் இருக்கும் 'கில'மும் ஒரே வேரின் இரண்டு கிளைகள். மலைப்பாம்புக்குப் பழைய பெயரான 'அசகரம்' கூட இப்படித்தான், அஜம் என்றால் ஆடு, ஆட்டை விழுங்குவது அஜகரம். கதை இதோடு நின்றுவிடவில்லை, திமிங்கிலத்தையும் விழுங்கும் ஒன்றைக் கற்பனை செய்து அதற்குச் சமஸ்கிருதத்தில் 'திமிங்கிலகிலம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.