அது குப்பை இல்லை, சிட்டை

டேட்டாபேஸின் லாக் ஃபைலைக் குப்பை என்று அழித்துவிட்டு என்னைக் கூப்பிடுவது இந்த மழைக்காலத்தில் மட்டும் இது மூன்றாவது முறை. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு மருந்து மொத்த வியாபாரி. காலை எட்டரைக்கு போன். "தம்பி, பில்லு போட முடியல. டேட்டாபேஸ் பேருக்குப் பக்கத்துல ரெக்கவரி பெண்டிங்னு காட்டுது. வாசல்ல வண்டி நிக்குது."

"நேத்து யாராவது எதையாவது அழிச்சீங்களா?"

"யாரும் எதையும் தொடலையே."

எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள். புதுச்சேரியிலிருந்து பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தேன். கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளும் பையன் மெதுவாக வந்தான். "டிஸ்க் ஃபுல்லுன்னு வந்துச்சுண்ணா. டேட்டாபேஸை ஓட்டுற எஸ்க்யூஎல் சர்வர் நிக்கவே மாட்டேன்னுச்சு. டாஸ்க் மேனேஜர்ல அடிச்சு நிறுத்திட்டு, இருக்கிறதுலயே பெரிய ஃபைலை அழிச்சேன். 140 ஜிபி. லாக் ஃபைல்தானேண்ணா?" அதுவும் ஷிஃப்ட் டெலீட், ரீசைக்கிள் பின்னில்கூட இருக்காது.

அந்தத் "தானே"தான் என்னை எரிச்சலாக்குகிறது. லாக் என்றால் எப்போது என்ன நடந்தது என்று எழுதி வைக்கும் டைரி, போனால் போகட்டும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். டேட்டாபேஸின் டிரான்ஸாக்‌ஷன் லாக் அப்படிப்பட்டதே இல்லை. பழைய மளிகைக் கடையில் வியாபாரம் நடக்க நடக்கச் சிட்டையில் எழுதுவார்கள், பொழுது சாய்ந்ததும் கணக்குப்பிள்ளை அதைப் பார்த்துப் பேரேட்டில் ஏற்றுவார். லாக்தான் அந்தச் சிட்டை. நீங்கள் போடும் பில் முதலில் லாக் ஃபைலுக்குப் போய்விடும், டேட்டா ஃபைலுக்குப் பிறகு சாவகாசமாகத்தான் வரும். நடுவில் கரண்ட் போனால், மறுபடி எழும்போது லாக்கைப் படித்துத்தான் எது முடிந்தது, எது பாதியில் நின்றது என்று அது முடிவு செய்யும். சிட்டையைக் கிழித்துவிட்டுப் பேரேடு சரியாக இருக்கும் என்று எப்படி எதிர்பார்ப்பது?

"முன்னாடி ஒரு தடவை அழிச்சோமே, ஒண்ணும் ஆகலையே" என்பார்கள். சர்வர் முறையாக நின்றிருந்தால் சில சமயம் புது லாக்கை உருவாக்கிக்கொண்டு திறந்துவிடும். பிழைத்தது அதிர்ஷ்டம், அதை வழக்கமாக்கிவிடாதீர்கள்.

பெயர்தான் ஆளை ஏமாற்றுகிறது. போஸ்ட்கிரெஸ்க்யூஎல் என்ற இன்னொரு டேட்டாபேஸ் மென்பொருளில் இதே லாக் இருக்கும் ஃபோல்டருக்கு முன்பு பிஜி எக்ஸ்லாக் என்று பெயர். லாக் என்ற சொல்லைப் பார்த்து உலகம் முழுக்க அதை அழித்துத் தொலைத்தார்கள். கடைசியில் 2017ல் வந்த 10வது பதிப்பில் லாக் என்ற சொல்லே இல்லாமல் பிஜி வால் என்று பெயரையே மாற்றிவிட்டார்கள்.

சரி, 140 ஜிபி ஆனது ஏன்? ஃபுல் ரிக்கவரி என்ற அமைப்பில் டேட்டாபேஸ் ஓடிக்கொண்டிருந்தது. அதில் லாக் பேக்கப் எடுத்தால்தான் பழைய இடம் மறுபடி பயன்பாட்டுக்கு வரும். "தினமும் ராத்திரி ஃபுல் பேக்கப் எடுக்கிறோமே" என்றார் முதலாளி. ஐயா, ஃபுல் பேக்கப் எத்தனை எடுத்தாலும் லாக் காலியாகாது. இதை நான் எத்தனை கடையில் சொல்லியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை.

அந்த ஃபுல் பேக்கப்பும் அதே டி டிரைவில்தான் போய் விழுந்துகொண்டிருந்தது. இடம் போதாமல் பதினோரு நாளாகத் தோற்றுப்போயிருந்ததை யாரும் பார்க்கவில்லை. வேறு வழியில்லாமல் எமர்ஜென்சி மோடில் வைத்து, டேட்டா போனாலும் பரவாயில்லை என்று பெயரிலேயே சொல்லிவிடும் அந்த ரிப்பேரை ஓட்டினேன். திறந்தது. ஆனால் ஸ்டாக்கில் சரக்கு குறைந்திருக்கும், அதற்கான பில் இருக்காது. பேப்பர் பில்களை அடுக்கி வைத்து இரண்டு நாள் ஒப்பிட்டோம்.

டிஸ்க் நிறைந்தால் முதலில் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். இடம் வேண்டுமென்றால் டவுன்லோட்ஸ் ஃபோல்டரைக் காலி செய்யுங்கள், எம்டிஎஃப் (டேட்டா ஃபைல்), எல்டிஎஃப் (லாக் ஃபைல்) என்று முடியும் எதையும் தொடாதீர்கள். லாக் ஏன் காலியாகவில்லை என்று கேட்டால் சர்வரே சொல்லும்: லாக் பேக்கப் என்று பதில் வந்தால் லாக் பேக்கப் எடுங்கள், ஆக்டிவ் டிரான்ஸாக்‌ஷன் என்றால் யாரோ ஒரு வேலையை முடிக்காமல் திறந்து வைத்திருக்கிறார்கள், அவரைத் தேடுங்கள். ஒரு நாள் பில்களைத் திரும்ப அடித்துக்கொள்ள முடிகிற சின்னக் கடையா? லாக் பேக்கப் இல்லாமலே பழைய இடம் மறுபடி பயன்பாட்டுக்கு வரும் சிம்பிள் ரிக்கவரி அமைப்புக்கு மாற்றிவிடுங்கள், இந்தத் தலைவலியே வேண்டாம். அப்புறம், பேக்கப்பை வேறொரு டிஸ்க்குக்கும் வேறொரு கட்டடத்துக்கும் அனுப்புங்கள். மாதம் ஒரு முறையாவது இன்னொரு கம்ப்யூட்டரில் ரீஸ்டோர் செய்து, நேற்றைய பில் ஒன்றைத் திறந்து பாருங்கள்.

இன்னொன்று. சர்வர் பெட்டியைத் தரையில் வைக்காதீர்கள். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரி வீதிகளில் தண்ணீர் நின்றதை நாம் எல்லோரும் பார்த்தோம். இந்தக் கடையில் கிளம்பும் முன் நானும் பையனும் சேர்ந்து பெட்டியைத் தூக்கி மேசைமேல் வைத்தோம். "அடுத்த தடவை டிஸ்க் ஃபுல்லுன்னா எனக்கு போன் போடுப்பா, ராத்திரி ரெண்டு மணியானாலும் சரி" என்றேன். நம்பரை மானிட்டர் ஓரத்தில் எழுதி ஒட்டிக்கொண்டான்.