குகையில் கிடக்கும் சாணத்தைச் சுரண்டாதீர்கள்

எண்ணூர்ப் பக்கம் மேயும் ஆடுகளின் புழுக்கையை நான் காகித உறையில் எடுத்துப் போடுவதைப் பார்த்த பையன் ஒருவன், "சார், இதுக்கு சம்பளம் வேற தர்றாங்களா?" என்று கேட்டான். தருகிறார்கள். பழங்கால மகரந்தத்தை ஆராய்வதுதான் என் தொழில். பழைய சாணம் என்ன சொல்கிறது என்று புரிய, முதலில் இன்றைய சாணம் புரிய வேண்டும்.

அந்தப் புழுக்கையை ஊறவைத்து வடிகட்டி நுண்ணோக்கியில் பார்த்தால் சவுக்கு மகரந்தம் தென்படும். உடனே ஆடு சவுக்கைத் தின்றது என்று எழுதிவிடக் கூடாது. காற்றில் வந்து புல்மேல் படிந்த தூள் அது. தின்றது என்ன என்பதைச் செரிக்காத இலைத்தோலும் விதையும், புல்லுக்குள் உருவாகும் நுண்ணிய சிலிக்காத் துகள்களும்தான் காட்டும். மகரந்தத்தைப் பிரிக்க நாங்கள் ஊற்றும் ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம் இந்தச் சிலிக்காவைக் கரைத்துவிடும் என்பதால், மாதிரியை முதலிலேயே இரண்டு பங்காக்கிவிடுவோம்.

சரி, அந்தக் காலத்தில் என்ன செடி வளர்ந்தது என்று அறிய ஏன் சாணம்? ஈரமான ஊரில் மகரந்தம் படிந்த ஏரிச் சேறே போதும். வறண்ட நிலத்தில் அப்படிப்பட்ட ஏரி அபூர்வம். காய்ந்து காய்ந்து நனையும் மண்ணில் மகரந்தம் சிதைந்துவிடும். மழை படாத பாறை இடுக்கில் கிடக்கும் எச்சம் மட்டும் அப்படியே நிற்கும். அமெரிக்காவின் மொஹாவி பாலைவனத்தில் பேக்ரேட் என்ற எலி, சுள்ளிகளைச் சேர்த்து அதன்மேலேயே சிறுநீர் கழிக்கும். அது இறுகிப் பிசின்போல் ஆகிவிடும். 1964-இல் வெல்ஸ், ஜார்கென்சன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் அந்தக் குவியல்களில் ஜூனிப்பர் என்ற மரத்தின் சுள்ளிகளைக் கண்டார்கள். இன்று பாலைவனமாக இருக்கும் இடத்தில் பனியுக காலத்தில் ஜூனிப்பர் காடு இருந்திருக்கிறது! தென்னாப்பிரிக்காவிலும் நமீபியாவிலும் இதே வேலையை ஹைராக்ஸ் என்ற சிறு விலங்கு செய்கிறது. அதன் குவியல்கள் சில 50,000 ஆண்டுகள் வரை பின்னே போகும். அதைத்தான் வாசனைத் திரவியத்துக்காக வெட்டி விற்கிறார்கள். எனக்கு வயிற்றெரிச்சல்.

நம் நாட்டிலும் உண்டு. மகாராஷ்டிரத்தின் பிஸ்துராவில் கிடைத்த கல்லாகிப்போன டைனோசர் சாணத்துக்குள் புல்லின் சிலிக்காத் துகள்கள் இருப்பது 2005-இல் வெளியானது. டைனோசர்கள் அழிந்த பிறகுதான் புல் வந்தது என்ற எண்ணம் அதோடு மாறியது.

கல்லாகிவிட்டதைக்கூடக் காப்பாற்றிவிடலாம், குகையில் கிடக்கும் காய்ந்த சாணத்துக்கு ஒரு தீக்குச்சி போதும். அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் உள்ள ராம்பார்ட் குகையில், அழிந்துபோன தரைவாழ் ஸ்லாத் என்ற பெரிய விலங்கின் சாணம் பல்லாயிரம் ஆண்டுகளாகக் குவிந்து கிடந்தது. 1976-இல் தீப்பிடித்துப் பல மாதம் புகைந்தது. பெரும்பகுதி சாம்பலாகிவிட்டது.

மலையேறப் போகிறவர்கள் குகைக்குள் அடுப்பு மூட்டாதீர்கள். பாறையில் கறுப்பாக, பளபளப்பாக ஒட்டியிருப்பது இப்படி இறுகிய பழைய குவியலாக இருக்கலாம், அதை உடைக்காதீர்கள். படம் எடுங்கள், இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், பக்கத்துக் கல்லூரியின் தாவரவியல் அல்லது நிலவியல் துறைக்குச் சொல்லுங்கள். அப்புறம், மெருகேற்றிய கோப்ரோலைட்டை, அதாவது கல்லாகிப்போன சாணத்தை, ஆன்லைனில் வாங்கி என்னிடம் கொண்டுவந்து வயது கேட்பவர்கள் இருக்கிறார்கள். எந்த ஊர், எந்த அடுக்கு என்று தெரியாத கல்லை வைத்து நான் ஒன்றும் சொல்ல முடியாது.