முதல் மைக்ரேட்டுக்கு முன்

சிங்கப்பூரின் தேக்கா வட்டாரக் கடைகளுக்கும் துணைப்பாட நிலையங்களுக்கும் ஜாங்கோவில் (பைத்தான் மொழியில் இணையச் செயலி எழுத உதவும் கட்டமைப்பு) செயலி எழுதித் தருவதும், பிறர் எழுதியதைச் சரிபார்ப்பதும் என் வேலை. சர்வருக்குள் நுழைந்ததும் நான் முதலில் பார்ப்பது, செயலி எந்த யூசராக டேட்டாபேஸுக்குள் போகிறது என்பதைத்தான். பல இடங்களில் அது எந்தத் தடையும் இல்லாத சூப்பர்யூசராக இருக்கும்.

இது எப்படி நடக்கிறது என்பதும் தெரிந்ததுதான். ஜாங்கோ தானாகத் தருவது எஸ்கியூலைட் என்ற, ஒரே கோப்பில் அடங்கும் டேட்டாபேஸ். அதில் யூசரும் கிடையாது, பாஸ்வேர்டும் கிடையாது. தனி சர்வராக ஓடும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸுக்கு மாறும்போது ஏதோ ஒரு பழைய வழிகாட்டியைப் பார்த்து டேட்டாபேஸ், யூசர் இரண்டையும் உருவாக்கி, டேட்டாபேஸ் மீதான உரிமைகளைத் தரும் ‘கிராண்ட் ஆல்’ கொடுத்துவிட்டு, டேபிள்களை உருவாக்கும் ஜாங்கோ கட்டளையான மைக்ரேட்டை ஓட்டுகிறார்கள். டேபிள்கள் உட்காரும் பகுதியான பப்ளிக் ஸ்கீமாவில் அனுமதி இல்லை என்று பிழை வருகிறது. 2022இல் வெளிவந்த போஸ்ட்கிரெஸ் 15 முதல், அந்த ஸ்கீமாவில் டேபிள் உருவாக்கும் உரிமை எல்லாருக்கும் இயல்பாகக் கிடைப்பதில்லை. டேட்டாபேஸுக்குக் கொடுத்த கிராண்ட், ஸ்கீமாவுக்குச் செல்லாது. மறுநாள் டெமோ இருக்கும். யூசரை சூப்பர்யூசர் ஆக்கிவிட்டால் பிழை போய்விடும். போகத்தான் செய்யும்!

ஆனால் சூப்பர்யூசரின் கை டேட்டாவோடு நிற்பதில்லை. போஸ்ட்கிரெஸின் காப்பி கட்டளை வழியாக அவர் சர்வரிலேயே வேறு நிரல்களை ஓட்டலாம். உங்கள் கோடில் எங்கோ, வெளியாள் தன் கட்டளையை டேட்டாபேஸுக்குள் நுழைக்கவிடும் ஓர் எஸ்கியூஎல் இன்ஜெக்ஷன் ஓட்டை இருந்தால், வாடிக்கையாளர் பட்டியலோடு சேர்த்து சர்வரும் கைமாறிவிடும். சரியான வழி இதைவிடச் சுலபம். டேட்டாபேஸை உருவாக்கும்போதே செயலியின் யூசரை அதன் ஓனராகப் போட்டுவிடுங்கள். மைக்ரேட் முனகாமல் ஓடும். ஏற்கெனவே டேபிள்கள் வேறொருவர் பெயரில் இருந்தால் அவற்றின் ஓனரையும் மாற்ற வேண்டும்.

அப்புறம் 5432 போர்ட், அதாவது போஸ்ட்கிரெஸ் இணைப்புகளை ஏற்கும் வாசல். போஸ்ட்கிரெஸை நேரடியாக நிறுவினால் அது அந்த சர்வருக்குள் இருந்து வரும் இணைப்பை மட்டுமே கேட்கும். நிரல்களைத் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் டாக்கரில் ‘5432:5432’ என்று எழுதினால் கதை வேறு. போர்ட் வெளியுலகுக்குத் திறந்துவிடும். யூஎஃப்டபிள்யூ ஃபயர்வாலில் அடைத்திருக்கிறேனே என்பார்கள். டாக்கர் தன் விதிகளை அதற்கு முன்னாலேயே போட்டுவிடுவதால் அந்தப் பூட்டு இங்கே செல்லாது. எண்களுக்கு முன்னால், அந்த சர்வரையே குறிக்கும் 127.0.0.1 சேர்த்து ‘127.0.0.1:5432:5432’ என்று எழுதுங்கள். செயலியும் அதே டாக்கர் நெட்வொர்க்கில் இருந்தால் அந்த வரியே தேவையில்லை.

சின்னக் கடைதானே, யார் வரப்போகிறார்கள் என்று முதலாளிகள் கேட்பதுண்டு. திறந்த போர்ட்டைத் தேடுவது ஆளில்லை, நிரல். அதற்குக் கடையின் அளவு தெரியாது. 500 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோரின் தகவல் கசிந்தால், அது அறிவிக்க வேண்டிய கசிவு என்று முடிவுசெய்த 3 நாள்களுக்குள் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்திடம் சொல்லியாக வேண்டும். நாலைந்து ஆண்டு நடந்த துணைப்பாட நிலையத்தில் பெற்றோரையும் சேர்த்து எண்ணினால் 500 பெரிய எண்ணிக்கை அல்ல.

வைத்திராத தகவல் கசியாது. மாணவரின் ஐசி (அடையாள அட்டை) எண்ணையே, ஒவ்வொரு பதிவையும் அடையாளம் காட்டும் பிரைமரி கீயாக வைத்த டேபிளை இன்னும் பார்க்கிறேன். சட்டம் கேட்டாலொழிய, அல்லது ஆளை மிகத் துல்லியமாக உறுதிசெய்ய வேண்டியிருந்தாலொழிய, அந்த எண்ணைக் கேட்டு வாங்கக்கூடாது என்பது 2019 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ள விதி. ஜாங்கோ தானாகப் போடும் ஐடி போதும்.

செயலிக்குள் நுழைவோரின் விவரத்தை வைக்கும் யூசர் மாடலையும் முதல் மைக்ரேட்டுக்கு முன்பே சொந்தமாக எழுதிவிடுங்கள். பிறகு மாற்றுவது பெரும்பாடு. ஜாங்கோவின் மாடலில் முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம். நம்மவர் பெயரில் நடுவே ‘எஸ்/ஓ’, ‘டி/ஓ’ (இன்னாரின் மகன், மகள்) வரும், குடும்பப் பெயரே இராது. முழுப்பெயருக்கு ஒரே கட்டம் வையுங்கள். சாய்கோட்டைத் தவறு என்று தள்ளாதீர்கள். அஞ்சல் குறியீட்டை எழுத்தாகச் சேமியுங்கள். எண்ணாகப் போட்டால் மரினா பே சாண்ட்ஸின் 018956, 18956 ஆகிவிடும்.

நேர மண்டலம் மட்டும் பின்னால் திருத்தக்கூடியது. புதிய ப்ராஜெக்டில் அது யூடிசி, அதாவது உலகப் பொது நேரம், என்றே இருக்கும். நாம் 8 மணி நேரம் முன்னால் இருக்கிறோம். காலை 6 மணிக்குத் திறக்கும் பரோட்டா கடையின் முதல் 2 மணி நேர விற்பனை நேற்றைய கணக்கில் ஏறும். செட்டிங்ஸில் சிங்கப்பூர் என்று மாற்றுங்கள். சேமிப்பு யூடிசியிலேயே நடப்பதால் பழைய பில்களும் தத்தம் நாளுக்குத் திரும்பிவிடும்.