மானிட்டரில் 100, உள்ளே எவ்வளவு?

முழு மயக்கம் கொடுக்கும்போது நோயாளியின் மூச்சு நின்றுவிடும். பயப்படாதீர்கள், பெரும்பாலும் தெரிந்தேதான் நிறுத்துகிறார்கள், தசைகளைத் தளர்த்தும் மருந்தும் சேர்ந்து போவதால். அதற்கும், தொண்டை வழியே டியூபைப் போட்டு வென்டிலேட்டரை மாட்டுவதற்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது. அந்த நேரத்தில் உடம்பு எதை வைத்து ஓடுகிறது? நுரையீரலில் மிச்சமிருக்கும் காற்றை வைத்துத்தான்.

மூச்சை வெளியே விட்ட பிறகும் சராசரி ஆளின் நுரையீரலில் ஏறக்குறைய இரண்டரை லிட்டர் காற்று தங்கும். அதில் ஆக்சிஜன் அரை லிட்டர்கூட இருக்காது. உடம்போ சும்மா படுத்திருக்கும்போதே நிமிடத்துக்கு 250 மில்லிலிட்டர் போலச் செலவழிக்கும். அதனால்தான் மயக்க மருந்துக்கு முன்னால் முகத்தில் மாஸ்க் வைத்து, 3 நிமிடம் போலச் சுத்தமான ஆக்சிஜனை இழுக்கச் சொல்கிறார்கள். நைட்ரஜன் வெளியேறி அந்த இடத்தையும் ஆக்சிஜனே பிடித்துக்கொள்ளும். இப்படித் தயாரான ஆரோக்கியமான ஒருவருக்கு, மூச்சு நின்ற பிறகு ரத்த ஆக்சிஜன் அளவு 90 சதவீதத்துக்கு இறங்க சுமார் 8 நிமிடம் ஆகும். மிக அதிக உடல்பருமன் உள்ளவருக்கு? அதே மாஸ்க், அதே 3 நிமிடம், ஆனால் கிடைக்கும் அவகாசம் ஏறத்தாழ 3 நிமிடம்தான், சில நேரம் அதுவும் இல்லை.

காரணம் நுரையீரலில் நோய் என்பதல்ல. மல்லாந்து படுத்ததும் வயிற்றின் கனம் உதரவிதானத்தை (மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசையை) மேலே தள்ளுகிறது, மார்பின் மேலிருக்கும் கொழுப்பு வெளியிலிருந்து அழுத்துகிறது, அப்புறம் மயக்க மருந்து தசைகளின் இறுக்கத்தையும் எடுத்துவிட, தங்கியிருக்கும் காற்று பாதியாகவே குறைந்துவிடலாம். நுரையீரலின் அடிப்பகுதியில் சிறு காற்றறைகள் மூடிக்கொள்ள, அந்தப் பக்கம் போகும் ரத்தம் ஆக்சிஜனை ஏற்றிக்கொள்ளாமலேயே திரும்புகிறது. உடம்பு பெரிது என்பதால் செலவும் அதிகம். இருப்பு குறைவு, செலவு கூடுதல்.

சரி, விரலில்தான் பல்ஸ் ஆக்சிமீட்டர் மாட்டியிருக்கிறார்களே? ஜப்பானியப் பொறியாளர் டகுவோ அயோயகி 1970களில் கண்டறிந்த முறை அது: சிவப்பு ஒளி, அகச்சிவப்பு ஒளி இரண்டையும் விரல் வழியே செலுத்தி, நாடித் துடிப்போடு சேர்ந்து ஏறி இறங்கும் பகுதியை மட்டும் பிரித்துப் பார்த்தால், ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் ஆக்சிஜனைச் சுமக்கிறது என்று தெரிந்துவிடும். அருமையான கருவிதான். ஆனால் அது சொல்வது ஹீமோகுளோபின் நிரம்பியிருக்கிறதா என்பதை மட்டும். நுரையீரலில் இருப்பு எவ்வளவு என்பதை அல்ல. ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் (பாதரச அளவில்) 400 மில்லிமீட்டரிலிருந்து 100க்குச் சரியும் வரை திரையில் 100, 99, 98 என்றே ஓடும். அழுத்தம் 60க்கு வரும்போது திரையில் 90 சதவீதம். அதற்குக் கீழே சரிவு செங்குத்து. போதாததற்கு, நுரையீரலில் நடந்தது விரலுக்கு வந்து சேர அரை நிமிடம்கூட ஆகலாம், கை சில்லிட்டிருந்தால் இன்னும் தாமதம். விரல் தடிமனாக இருந்து கிளிப் சரியாக உட்காராவிட்டால் காதுமடலில் மாட்டுவார்கள். ரத்த அழுத்தப் பட்டையை அதே கையில் கட்டிவிட்டால், பட்டை இறுகும்போதெல்லாம் எண் காணாமல் போய் அலாரம் அலறும், அது தனிக்கதை.

அதனால் மயக்கவியல் மருத்துவர் இந்த ஒரு எண்ணை மட்டும் நம்பி உட்கார்ந்திருப்பதில்லை. வெளிவரும் மூச்சில் ஆக்சிஜன் 90 சதவீதத்தைத் தொட்டதா என்று பார்த்துத்தான் நுரையீரல் நிரம்பியதை முடிவுசெய்கிறார். தலைப்பக்கத்தை 25 பாகை போல உயர்த்தி வைத்தாலே வயிறு கீழிறங்கி, கூடுதல் அவகாசம் கிடைக்கிறது (செலவே இல்லாத வைத்தியம் என்பதால் எனக்கு இது ரொம்பப் பிடிக்கும்). டியூப் சரியான இடத்தில் போனதா என்பதை, வெளிவரும் மூச்சின் கார்பன் டை ஆக்சைடை அளந்து திரையில் வரையும் அலை சில மூச்சுகளிலேயே காட்டிக்கொடுக்கும். ஆக்சிமீட்டருக்காகக் காத்திருந்தால் அது தாமதமாகத்தான் சொல்லும். வென்டிலேட்டர் தள்ளும் காற்றின் அளவை உயரத்தை வைத்துக் கணக்கிடுகிறார்கள், எடையை வைத்து அல்ல. எடை கூடினால் நுரையீரல் வளராது.

அறுவை சிகிச்சை முடிந்த பிறகும் இதே எண் ஏமாற்றும். தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் பிரச்சினை உடல்பருமன் உள்ள பலருக்கு இருக்கிறது, வலி மருந்து அதை இன்னும் மோசமாக்கும். மாஸ்க்கில் ஆக்சிஜன் போய்க்கொண்டிருந்தால், மூச்சு மந்தமாகிக் கார்பன் டை ஆக்சைடு உள்ளே சேர்ந்துகொண்டிருக்கும்போதுகூடத் திரையில் 98 என்று நிம்மதியாக நிற்கும். அதனால்தான் மீட்பு அறையில் செவிலியர் திரையைப் பார்த்துவிட்டு, நெஞ்சு ஏறி இறங்குவதையும் நின்று எண்ணுகிறார்.