குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்தீர்களா?

"மட்கு உரமாக்க நுண்ணுயிர்க் கலவை தெளித்து இரண்டு மாதமாகிறது, வைக்கோல் இன்னும் வைக்கோலாகவே கிடக்கிறது. பாக்கெட் போலிதான் சார்" என்று ஒரு விவசாயி அழைத்திருந்தார். போய்ப் பார்த்தேன். குவியலின் மேற்புறம் கறுத்து, நனைந்து, நன்றாக மட்கியதுபோல் தோற்றம் காட்டியது. மண்வெட்டியால் ஒரு அடி ஆழம் வெட்டினேன். உள்ளே பொன்னிறம் மாறாத வைக்கோல், களத்தில் கிடப்பதுபோல் சலசலத்தது. ஒரு பிடி எடுத்துப் பிழிந்தேன். உள்ளங்கையில் ஈரம் ஒட்டவே இல்லை. பாக்கெட்டில் இருந்தவை உயிரோடு வந்திருந்தாலும் அங்கே தாகத்தில் மடிந்திருக்கும்.

வைக்கோல் தாளின் மேல் மெழுகும் மணற்சத்தும், அதாவது சிலிக்காவும், படிந்திருக்கும். குவித்த பிறகு மேலே ஊற்றும் தண்ணீர் ஓலைக் கூரையில் விழுந்த மழைபோல் வழிந்துவிடும். அதனால் அடுக்கடுக்காக நனைத்து, மிதித்து, பிறகுதான் உயர்த்த வேண்டும். பிழிந்தால் விரலிடுக்கில் ஓரிரு சொட்டு எட்டிப்பார்க்க வேண்டும், ஒழுகக் கூடாது. கணக்கில் சொன்னால் 50 முதல் 60 சதவீத ஈரம்.

அடுத்தது தீனி. நுண்ணுயிர்கள் வளர, ஒரு பங்கு தழைச்சத்துக்கு (நைட்ரஜன்) சுமார் 25 முதல் 30 பங்கு கரிமம் (கார்பன்) போதும். வைக்கோலில் இது 60, 80 என்று இருக்கும். கரும்புச் சோகையில், அதாவது காய்ந்த கரும்பு இலையில், 100-ஐத் தாண்டும். வெறும் சோகையின் மீது கலவையைத் தெளிப்பது, உப்பில்லாத சோற்றைப் பரிமாறிவிட்டுப் பந்திக்கு ஆள் கூட்டுவதுபோல. சாணக் கரைசல், பசுந்தழை, பயறு வகைச் செடிகள் எது கிடைத்தாலும் இடையிடையே சேருங்கள். தென்னை நார்க்கழிவுக்குப் பரவலாகச் சொல்லப்படும் அளவு, டன்னுக்கு 5 கிலோ யூரியா, 5 பாட்டில் சிப்பிக்காளான் வித்து. ஒரு அடுக்கில் வித்து, அதற்கு மேல் அடுக்கில் யூரியா என்று மாற்றி மாற்றி இட வேண்டும். இரண்டையும் ஒரே வாளியில் கலந்து தூவியவர்களைப் பார்த்திருக்கிறேன். யூரியாவோடு நேராக உரசினால் காளான் இழை கருகிவிடும்.

எந்த நுண்ணுயிர் எதைத் தின்னும் என்பதும் முக்கியம். டிரைக்கோடெர்மா என்ற பூஞ்சை, செடியின் நார்ப்பொருளான செல்லுலோஸை நன்றாகச் சிதைக்கும். ஆனால் நார்க்கழிவுக்கு விறைப்புத் தரும் முரட்டு லிக்னினை உடைக்கச் சிப்பிக்காளான் போன்ற வெண்ணழுகல் பூஞ்சைகள்தான் கெட்டிக்காரர்கள்.

பலர் கவனிக்காத ஒன்று, சூடு. நன்றாக வேலை செய்யும் குவியலின் நடுவில் 55 முதல் 65 டிகிரி செல்சியஸ் வரை ஏறும். இரும்புக் கம்பியைச் செருகி, கால் மணி நேரம் கழித்து உருவிப் பிடித்துப் பாருங்கள். கையில் வைத்திருக்க முடியாமல் சுட வேண்டும். களை விதைகளும் நோய்க் கிருமிகளும் பெரும்பாலும் இந்தச் சூட்டில்தான் சாகின்றன. டிரைக்கோடெர்மாவுக்கும் இந்தச் சூடு ஆகாது. ஆகவே முதல் நாளே முழுப் பாக்கெட்டையும் கொட்டிவிடாமல் பாதியை வைத்திருந்து, குவியல் ஆறி வெதுவெதுப்பானதும் புரட்டிப் போடும்போது தெளிக்கச் சொல்கிறேன். என் அனுபவத்தில் இந்த இரண்டாவது தெளிப்புதான் அதிகம் உதவுகிறது.

பாக்கெட்டும் உயிருள்ள பொருள்தான். காலாவதித் தேதி பாருங்கள், நிழலில் வையுங்கள். டிராக்டர் இருக்கைக்கு அடியில் ஒரு வாரம் வெயிலில் கிடந்த கலவையிடம் எதையும் எதிர்பார்க்க முடியாது. பூஞ்சைக்கொல்லி அடித்த தெளிப்பானைக் கழுவாமல் அதிலேயே டிரைக்கோடெர்மாவை ஊற்றியவரும் உண்டு. அவர் பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வார்.

மட்கியதா என்று நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். அரைகுறையாக மட்கியதை வயலில் போட்டால், மண்ணில் இருக்கும் தழைச்சத்தையும் நுண்ணுயிர்கள் பிடித்துக்கொள்ள, பயிர் மஞ்சளாகும். புரட்டிய பிறகும் மறுபடி சூடேறவில்லை, மழை மண் வாசனை வருகிறது என்றால் ஒரு கைப்பிடியை ஈரத்தோடு பாலித்தீன் பையில் கட்டி ஒரு வாரம் வையுங்கள். அவிழ்க்கும்போது அழுகல் நெடியோ நவச்சார (அம்மோனியா) நெடியோ மூக்கில் அடித்தால், குவியலை இன்னொரு முறை புரட்டுங்கள்.